எருக்கஞ்செடி மேல மஞ்சளும் நீலமுமா ஒரு பூச்சி: கலரை விடுங்க, செடியைப் பாருங்க

போன ஆவணியில ஒரு நாள், காலைல ஆறு மணி கூட ஆகலை, வெள்ளகோவில் பக்கம் தோட்டம் வெச்சிருக்கற மாமாகிட்ட இருந்து போன். "மாப்ள, பாகிஸ்தான் வெட்டுக்கிளி நம்மூருக்கு வந்துருச்சாட்ட இருக்குது, இட்டேரி முச்சூடும் உக்காந்திருக்குது, மருந்தடிக்கறதா என்னன்னு கேட்டுச் சொல்லு"ன்னாரு. நான் வேளாண்மை ஆபீசர் எல்லாம் இல்லீங்க, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர், சின்ன வயசுல இருந்து பூச்சி பாக்கற கிறுக்கு மட்டும் உண்டு, அதனால சொந்தத்துல யாரு வீட்டுல என்ன பூச்சி வந்தாலும் போட்டோ எனக்குத்தான் வரும். போட்டோ அனுப்புங்கன்னேன். வந்துச்சு. வெரல் நீளத்துக்கு ஒரு வெட்டுக்கிளி, உடம்பெல்லாம் எலுமிச்சை மஞ்சளும் மயில்கழுத்து நீலமும் மாத்தி மாத்திப் பட்டை அடிச்ச மாதிரி, யாரோ சின்னப்பையன் ஸ்கெட்ச் பேனாவுல கலர் குடுத்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு.

"எந்தச் செடி மேலீங்க மாமா உக்காந்திருக்குது?"

"எருக்கு."

"பக்கத்துல சோளம் இருக்குதே, அதுல இருக்குதா?"

"அதுல ஒண்ணையும் காணோம்."

"அப்படின்னா விட்டுருங்க, அது நம்மூருப் பூச்சிதான்"னு சொன்னேன். அவருக்கு நம்பிக்கையே வரலை. இத்தனை வருசம் தோட்டத்துல இருக்கறோம், இப்படி ஒரு கலர்ல பூச்சியைப் பாத்ததே இல்லையேங்கறாரு.

அவரு பயந்ததுலயும் நாயம் இருக்கு. 2020 மே மாசம் பாலைவன வெட்டுக்கிளி ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரான்னு கூட்டம் கூட்டமா எறங்குச்சே ஞாபகம் இருக்கா, கொரோனா ஊரடங்குல எல்லாரும் வீட்டுக்குள்ள உக்காந்து டிவில அதைத்தான் பாத்துட்டு இருந்தோம். அந்த மாசக் கடைசியிலயே கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரி பக்கம் எருக்கஞ்செடியில வெட்டுக்கிளி மொய்க்குதுன்னு ஒரே பரபரப்பு. ஆபீசருங்க வந்து பாத்துட்டு, இது பாலைவன வெட்டுக்கிளி இல்லை, உள்ளூர்லயே இருக்கறதுன்னு சொல்லீட்டுப் போனாங்க. நேரலகிரியிலயும் எருக்கு, மாமா தோட்டத்துலயும் எருக்கு.

இந்த மஞ்ச-நீலப் பூச்சிக்கு எருக்கு வெட்டுக்கிளின்னே பேரு. எருக்கம்பாலு தெரியுமல்ல, கண்ணுல பட்டா கண்ணு போயிரும்னு நம்ம ஆத்தாக்கள் மெரட்டுவாங்களே அதேதான், அந்தப் பாலுல இதயத் துடிப்பையே கலைக்கற ஒரு வகை நஞ்சு இருக்கு. ஆடு மாடு இதனாலதான் எருக்குல வாய் வைக்காது. இந்த வெட்டுக்கிளிக்கு அந்த நஞ்சு ஒண்ணும் பண்றதில்லை, தின்னு தின்னு அதைத் தன் உடம்புலயே சேத்து வெச்சுக்குது. குஞ்சாட்ட இருக்கற பருவத்துல லேசா அமுக்கிப் பாத்தீங்கன்னா முதுகுப்பக்கம் இருந்து ஒரு திரவத்தைப் பீச்சியடிக்கும், சில அங்குல தூரம் வரைக்கும் போகும் (நான் எட்டாவது படிக்கறப்ப ஒருதடவை அமுக்கிப் பாத்தேன், அன்னைக்கு இருந்து அமுக்கறதில்லை). ஒளிஞ்சு வாழ வேண்டிய அவசியமே இல்லாத பூச்சிங்க இது. நான் நஞ்சுன்னு ஊருக்கே தெரியணும், ஒருதடவை வாயில போட்டுத் துப்புன ஓணானோ காக்காயோ அந்தக் கலரை மறக்கவே கூடாது, அதுக்குத்தான் அந்த அடிக்கற கலரு.

அதே எருக்கஞ்செடியில இன்னொரு ஆளும் வளருது, வெந்தய வரியன்னு ஒரு பட்டாம்பூச்சி. அதோட புழுவைப் பாருங்க, வெள்ளை கறுப்பு மஞ்சள்னு வளையம் வளையமா இருக்கும், கறுப்பு முடியாட்ட கொம்பு வேற நீட்டிட்டு இருக்கும், தழையோட நட்டநடுவுல தைரியமா உக்காந்து தின்னுட்டிருக்கும். பெருசாகிப் பட்டாம்பூச்சி ஆனா வெந்தயக் கலர்ல வந்து மெதுவா, அவசரமே இல்லாம பறக்கும். பறவைங்க அதைத் தொடறதில்லை. இதைப் பாத்துட்டு இன்னொரு ஜாதிப் பட்டாம்பூச்சியில பொட்டைகள் மட்டும் அச்சு அசலா இதே மாதிரி வேஷம் போட்டுக்குதுங்க, நஞ்சே இல்லாம. டூப்ளிகேட் பிராண்டு நம்ம திருப்பூர்ல மட்டும்தான்னு நெனைச்சுக்காதீங்க.

அதனாலதான் யாரு எனக்குப் போட்டோ அனுப்பினாலும் நான் கேக்கற மொதக் கேள்வி எந்தச் செடியில இருந்துச்சுன்னுதான். கலரை வெச்சுக் கண்டுபுடிக்கப் பாத்தா ஆயிரம் பூச்சி வரும், செடியை வெச்சுப் பாத்தா நாலு அஞ்சுக்குள்ள அடங்கீரும். ஏன் அந்தக் கலருன்னு பாதி பதிலும் அந்தச் செடியிலயேதான் இருக்கும்.

பாலைவன வெட்டுக்கிளி விசயத்துல இந்தச் செடிக் கணக்கு ஒதவாது, ஏன்னா அது பச்சைன்னு இருக்கற எதையும் தின்னும். அதோட கலரை முடிவு பண்றது கூட்டம். தனியா வாழறப்ப அதோட குஞ்சு பச்சையா, கண்ணுலயே படாம, அதுபாட்டுக்குப் புல்லுல கெடக்கும். மழை பேஞ்சு தீனி பெருகி குஞ்சு எச்சாகி ஒண்ணு மேல ஒண்ணு இடிச்சுக்கற நெலைமை வந்துச்சுன்னா கறுப்பும் மஞ்சளுமா மாறீரும், ரெக்கை மொளைச்சப்ப ரோஸ் கலர், முட்டை போடற வயசுல நல்ல மஞ்சள். இதே மாதிரி கூட்டம் சேர்ற இன்னொரு வெட்டுக்கிளியை, ஒரே பூச்சிதான் இப்படி ரெண்டு அவதாரம் எடுக்குதுன்னு 1921ல உவரோவ்னு ஒரு பூச்சி விஞ்ஞானி சொல்ற வரைக்கும் ரெண்டு தனித்தனி ஜாதின்னே நெனைச்சுட்டு இருந்தாங்க. பாலைவன வெட்டுக்கிளிக்குப் பின்னங்கால்ல அடிக்கடி ஒரசல் பட்டா ஒருசில மணி நேரத்துலயே குணம் மாற ஆரம்பிச்சுருதாம், கலரு பின்னாடி மெதுவா வருது. டவுன் பஸ்ஸுல நிக்கறப்ப நமக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

இட்டேரின்னு சொன்னேனே, வெளியூர்க்காரங்களுக்காக ஒரு வரி: ரெண்டு பக்கமும் வேலி, நடுவுல வண்டித்தடம், அதுதான் இட்டேரி. கிளுவை, எருக்கு, ஆவாரை, நாகதாளின்னு அந்த வேலியில இல்லாத செடி கெடையாது, அதனால இல்லாத பூச்சியும் கெடையாது. இதுல நாகதாளியை மட்டும் கொஞ்சம் நின்னு பாக்கணும்.

நாகதாளின்னா சப்பாத்திக்கள்ளி. அந்தச் சப்பை மேல அங்கங்க வெள்ளையா பஞ்சு ஒட்டுன மாதிரி இருக்கும், ஏதோ ஜின்னிங் பேக்டரியில இருந்து பறந்து வந்து ஒட்டிக்கிச்சுன்னு நெனைச்சுட்டுப் போயிருவோம். ஒரு குச்சியில அந்தப் பஞ்சை நசுக்குங்க. ரத்தம். நெசமாலுமே ரத்தம் மாதிரி, கருஞ்சிவப்பு. நாங்க பள்ளிக்கூடம் போறப்ப இதைக் கையில தடவீட்டு வீட்டுல வந்து முள்ளு குத்தீருச்சுன்னு அழுது நடிச்சிருக்கறோம், அம்மாயி ஒருதடவை மஞ்சப்பொடி எல்லாம் வெச்சுக் கட்டியே விட்டுருச்சு. அந்தப் பஞ்சுக்குள்ள இருக்கறது கொச்சினீல்ங்கற பூச்சிக் குடும்பம். பொட்டைக்கு ரெக்கை இல்லை, ஒரே எடத்துல வாயைக் குத்திக்கிட்டு சாறு உறிஞ்சிட்டு உக்காந்துரும், எறும்பு மாதிரி எதிரிங்க வந்தா ஓட முடியாது. அதனால உடம்பு பூரா கார்மினிக் அமிலத்தை நெறைச்சு வெச்சிருக்கு, அதுதான் அந்தச் சிவப்பு. அதுக்கு அது பாதுகாப்பு, மனுசனுக்கு அது சாயம்.

மெக்சிகோவுல ஸ்பெயின்காரன் வர்றதுக்கு முன்னாடி இருந்தே இதை வளத்துத் துணிக்குச் சாயம் போட்டாங்க, ஸ்பெயின்காரன் வந்து அதைக் கைப்பத்தி ஐரோப்பா பூரா வித்துக் கொழுத்தான், பிரிட்டிஷ் ராணுவ ஆபீசருங்க போட்ட சிவப்புக் கோட்டு இந்தச் சாயம்தான். காசை எல்லாம் ஸ்பெயின்காரனுக்குக் குடுக்கறதா, நாமளே வளப்போம்னு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆசை. மெட்ராஸ்ல இருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன்ங்கறவரு 1780கள் கடைசியில சைதாப்பேட்டையில கள்ளித்தோட்டமே போட்டுட்டுப் பூச்சிக்காகக் காத்திருந்தாரு. 1795ல பிரேசில்ல இருந்து ஒரு கப்பல் கேப்டன் கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டாந்து எறக்குனாரு, ஆனா அது நல்ல சாயம் குடுக்கற ஜாதி இல்லை, அதோட ஒண்ணுவிட்ட சொந்தம். சாயம் மட்டம். கள்ளியைத் தின்னறதுல மட்டும் கெட்டிக்காரப் பூச்சி.

எங்க தொழில்ல இதைத் தப்பான லாட்டு எறங்கீருச்சும்போம். ஆனா அந்தத் தப்பான லாட்டுக்கே ஒரு வேலை கெடைச்சுது. கள்ளி பரவி மேய்ச்சக்காடெல்லாம் புடிச்சுட்டு இருந்ததால 1830கள்ல அந்தப் பூச்சியைத் தெக்கே கொண்டாந்து விட்டாங்க, ஒரு வகைக் கள்ளியை வழிச்சுத் தொடச்சு தின்னு தீத்துருச்சு. களையை அழிக்கப் பூச்சியை ஏவி விட்டு ஜெயிச்சதுல ஒலகத்துலயே மொதக் கதை இதுதான்னு சொல்றாங்க. இன்னொரு வகைக் கள்ளியை, இப்ப நம்ம வேலியில மஞ்சப்பூ பூத்து நிக்குதே அதை, அது தொடலை. அதுக்காக 1926ல இலங்கை வழியா வேற ஒரு கொச்சினீல் ஜாதி வந்துச்சு. நம்ம இட்டேரியில இன்னைக்கும் வெள்ளைப் பஞ்சா ஒட்டிட்டு இருக்கற கொச்சினீல் எல்லாம் இப்படிக் கப்பலேறி வந்ததுங்களோட வம்சம். நல்ல ஜாதியில இருந்து எடுக்கற சாயம் இன்னைக்கும் லிப்ஸ்டிக்குல, ஜாம்ல, ஐஸ்கிரீம்ல இ-120ங்கற நம்பர்ல போட்டுட்டுத்தான் இருக்கறாங்க, சுத்த சைவக்காரங்க டப்பாவைத் திருப்பிப் பாத்துக்கோங்க.

கொச்சினீல் சிவப்பு, ஈரோட்டு மஞ்சள் ரெண்டும் ஒரே வகை: பொருளுக்குள்ளயே கலரு இருக்கு. மஞ்சளை முழுசா வெச்சாலும் மஞ்சள், இடிச்சாலும் மஞ்சள், தண்ணியில கரைச்சு வேட்டி மேல ஊத்துனா ஏழு தலைமுறைக்கும் மஞ்சள். ஆனா பொன்வண்டு இருக்கே, அது வேற கணக்கு. பொன்வண்டோட ரெக்கை ஓட்டைத் தூளா இடிச்சுப் பாருங்க, அந்தப் பச்சையும் தங்கமும் எங்க போச்சுன்னே தெரியாது, பழுப்புத் தூளுதான் மிஞ்சும். ஏன்னா அதுல பச்சைச் சாயமே கெடையாது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிசா அடுக்கடுக்கா ஓடு இருக்கு, வெளிச்சம் ஒவ்வொரு அடுக்குலயும் பட்டுத் திரும்பறப்ப சில கலர் ஒண்ணோடொண்ணு சேந்து பளிச்சுன்னு ஏறும், சிலது ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு அணைஞ்சு போயிரும். மழைக்கு நனைஞ்ச ரோட்டுல வண்டி ஆயில் சிந்துனா வானவில்லு தெரியுமே, சோப்பு முட்டையில தெரியுமே, அதே சங்கதி. பாக்கற கோணம் மாறுனா கலரும் மாறும். மயில் தோகையும் இப்படித்தான் (இப்ப இருக்கற மயிலுக்குத் தோட்டத்துல ஒரு வெதை மிஞ்சறதில்லை, அது தனிப் புலம்பல்).

காங்கேயம் பக்கம் கொறங்காட்டுல வளந்தவங்களுக்குப் பொன்வண்டைப் பத்தி நான் சொல்லவே தேவையில்லை. கொழுக்கட்டைப் புல்லு, நடுநடுவுல வெள்வேலா மரம், சுத்தியும் கிளுவ வேலி, உள்ள நாலு காளைக்கன்னு, இதுதான் கொறங்காடு. மழை பேஞ்சு வேலாமரம் தளுத்துச்சுன்னா அந்தத் தழையைத் திங்கப் பொன்வண்டு வரும். புடிச்சுத் தீப்பெட்டியில போட்டு ரெண்டு கொத்து வேலந்தழையும் போட்டு, காலைல எந்திரிச்சதும் மொத வேலையா முட்டை போட்டிருக்குதான்னு தொறந்து பாப்போம். அதோட புழு மண்ணுக்குள்ள வேரைத் தின்னு வளருதுன்னு பிற்பாடுதான் எனக்குத் தெரிஞ்சுது, அதனால தீப்பெட்டியில போட்ட முட்டை எதுவும் பொரிச்ச கதையே இல்லை, பாவம். இப்ப கொறங்காட்டைப் பிரிச்சு சைட்டு போட்டுட்டாங்க, கரண்டு எடுக்கற காத்தாடி நட்டுட்டாங்க, எங்க தோட்டத்துப் பக்கம் பொன்வண்டைப் பாத்து நாலஞ்சு வருசம் இருக்கும். கடைக்குப் போனா சோப்புக் கட்டியில பேரு மட்டும் இருக்கு.

சாயத் தொழில்ல இருக்கறவன்ங்கறதால எனக்கு இந்த வண்டு மேல ஒரு பொறாமையே உண்டு. நாங்க ஒரு ஷேடைப் புடிக்க லேப் டிப் (மாதிரிக்குச் சாயம் போட்ட துண்டுத்துணி) மேல லேப் டிப் அனுப்பி, லைட் பாக்ஸுல வெச்சுப் பாத்து, பையர் ஓகே பண்ணி, கடைசியில அந்த பனியன் பத்துத் தொவைப்புக்கு வெளுத்துரும். பொன்வண்டு ஓட்டுல வெளுக்கறதுக்குச் சாயம்னு ஒண்ணு இருந்தாத்தானே. ஜப்பான்ல நாரா பக்கம் ஹோர்யூஜி புத்தர் கோயில்ல 7ஆம் நூற்றாண்டுல செஞ்ச ஒரு சின்ன மரக்கோயில் இருக்கு, அதோட ஓரப்பட்டை பூரா பொன்வண்டு ஜாதி வண்டோட ஓட்டைப் பதிச்சிருந்தாங்க, பெரும்பாலும் உதுந்து போச்சு, ஒட்டியிருக்கற மிச்சம் இன்னைக்கும் மின்னுது. நம்ம நாட்டுலயும் வண்டு ஓட்டை வெட்டி மஸ்லின் துணியில வெச்சுத் தெச்சு மெட்ராஸ்ல இருந்தும் கல்கத்தாவுல இருந்தும் 19ஆம் நூற்றாண்டுல சீமைக்கு அனுப்பியிருக்காங்க. 1903 டெல்லி தர்பாருக்கு வைசிராய் கர்சன் சம்சாரம் போட்டுட்டு வந்த கவுன்ல துணி முச்சூடும் மயில் தோகை ஜரிகை, ஒவ்வொரு தோகைக் கண்ணுலயும் ஒரு வண்டு ஓடு.

தங்கமா மின்னறது எல்லாம் பொன்வண்டும் இல்லீங்க. கொளத்தோரம் ஊதாப்பூ பூத்துட்டு மண்டிக் கெடக்குமே நெய்வேலிக் காட்டாமணக்கு, அந்த எலையில குட்டி ஆமையாட்ட, ஓரம் கண்ணாடி மாதிரி, நடுவுல சுத்தத் தங்கமா ஒண்ணு உக்காந்திருக்கும். ஆமை வண்டு. ஆசைப்பட்டு எடுத்து டப்பாவுல போட்டு வெச்சீங்கன்னா செத்ததும் தங்கம் போயி மங்கலாயிரும். ஓட்டு அடுக்குல இருக்கற ஈரத்தாலதான் அந்தத் தங்கம், காஞ்சா போச்சு. அதே மாதிரி அரளியில வெள்ளித் தொங்கட்டானாட்ட ஒண்ணு தொங்குதுன்னு எங்க அண்ணி போட்டோ அனுப்புனாங்க, யாராச்சும் ஏவல் பில்லி சூனியம்னு கட்டி விட்டுட்டாங்களோன்னு அவங்களுக்குச் சந்தேகம். அது ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சியோட கூட்டுப்புழு, சுத்தி இருக்கற எலையவே கண்ணாடியாட்ட திருப்பிக் காட்டி ஒளிஞ்சுக்கும். பத்து நாள் பொறுங்கண்ணின்னு சொன்னேன், எட்டாம் நாளே பறந்து போயிருச்சு.

அரளிங்கறப்ப இன்னொண்ணு. நாலுவழி ரோட்டு நடுவுல எல்லாம் இப்ப அரளிதானே. அந்த எலையைத் திங்கற ஒரு தடிப்புழு, கட்டைவெரல் தண்டி, பச்சையா, தலைக்குப் பின்னால ரெண்டு நீலக் கண்ணு வரைஞ்ச மாதிரி இருக்கும், பாம்புக்குட்டியோன்னு ஒரு நிமிசம் கை நடுங்கும். கூட்டுப்புழு ஆகறதுக்கு முன்னாடி அந்தப் பச்சை போயி மண்ணு நெறமா மாறிச் செடியில இருந்து எறங்கீரும். எலை மேல இருக்கற வரைக்கும் எலைக் கலரு, தரையில நடக்கறப்ப தரைக் கலரு. கருவேப்பிலைச் செடியிலயும் கிட்டத்தட்ட இதே கதை, காரமடைப் பக்கம் கருவேப்பிலைத் தோட்டம் வெச்சிருக்கறவங்களுக்கு இது அத்துப்படி: அதுல வர்ற புழு சின்னதுல குருவி எச்சமாட்ட கறுப்பு வெள்ளை, பெருசானா பச்சை, தொட்டா தலையில இருந்து சிவப்பா ரெண்டு கொம்பு நீட்டி ஒரு நாத்தம் விடும். விசம் இல்லை. கொழம்புல விழுந்தா மட்டும் கொஞ்சம் சங்கடம்.

நெசமாலுமே உசாரா இருக்க வேண்டியது பெரிய எறும்பு தண்டிதான் இருக்கும். கோபி, பவானி பக்கம் வாய்க்கால் பாசனத்துல நெல்லு வெச்சிருக்கற ஊர்ல மழைக்காலத்துல ராத்திரி டியூப் லைட்டுக்கு வரும், ஆரஞ்சும் கறுப்பும் மாத்தி மாத்தி, மெலிசா, வால் பக்கத்தைத் தேளாட்ட தூக்கிட்டு ஓடும். ஆசிட் பூச்சின்னு சொல்லுவாங்க. கடிக்காது, கொட்டாது. கழுத்துல ஊறுதுன்னு நாம அடிச்சுத் தேய்க்கறோம் பாருங்க, அங்கதான் வெனை. அது உடம்புக்குள்ள பெடரின்னு ஒரு நஞ்சு, அதை அந்த வண்டுக்கு ஆக்கிக் குடுக்கறதே அதுக்குள்ள வாழற ஒரு பாக்டீரியா. தேய்ச்ச அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, ஒருநாள் ரெண்டு நாள் கழிச்சு தேய்ச்ச வாக்குலயே கோடு போட்ட மாதிரி செவந்து கொப்புளிக்கும். என் பெரியப்பா பையன் இதை அக்கின்னு நெனைச்சுட்டு மண்பானை செய்யறவங்க வீட்டுக்குப் போயி காவியில அக்கி எழுதீட்டு வந்து மூணு நாள் உப்பில்லாம சாப்புட்டுட்டுக் கெடந்தான், பொறவு தோல் டாக்டர் பாத்துட்டு ராத்திரி ஜன்னல் தொறந்து வெச்சுப் படிச்சியான்னு கேட்டாரு. மேல ஊறுனா ஊதி விட்டுருங்க, நசுங்கீருச்சுன்னா ஒடனே சோப்புப் போட்டுக் கழுவுங்க, அந்தக் கையோட கண்ணைத் தேய்க்காதீங்க. வயல்ல அது நெல்லுக்கு வர்ற புகையான் பூச்சியைத் தின்னற நல்ல ஆளு, வீட்டு லைட்டு இழுத்துட்டு வந்து உட்டதுதான் தகராறு.

தொவரை, அவரை, வெண்டைப் பூவுல கறுப்பும் ஆரஞ்சுமா பட்டை போட்டுக்கிட்டு பூவையே மென்னுட்டு இருக்குமே கொப்புள வண்டு, அதுக்கும் இதே புத்திமதி, நசுக்காதீங்க. பெருசுங்க பூவைத் தின்னு நஷ்டம் பண்ணும், அதோட புழு மண்ணுக்குள்ள வெட்டுக்கிளி முட்டையைத் தின்னு லாபம் பண்ணும். மொத்தத்துல வரவா செலவான்னு எனக்கு இன்னும் கணக்கு நேராகலை.

செடியும் இல்லாம லைட்டும் இல்லாம கலரு மாறி வர்ற பூச்சியும் உண்டு. சமையக்கட்டுல வெள்ளைக் கரப்பான் பாத்திருக்கீங்களா? பாத்தவங்க பாதிப்பேரு அதைப் புது ஜாதின்னு நெனைப்பாங்க. அது தோலு உரிச்ச கரப்பான், அவ்வளவுதானுங்க. புதுத்தோலு வெள்ளையா மெதுமெதுன்னு இருக்கும், ஒருசில மணி நேரத்துல எறுகிப் பழுப்பாயிரும், அதுக்குள்ள யாரு கண்ணுலயும் படாம ஒளிஞ்சுக்கப் பாக்கும், அதனாலதான் நமக்கு அபூர்வமாத் தெரியுது. புல்லுல ரோஸ் கலர் வெட்டுக்கிளி எப்பவாச்சும் ஒண்ணு மாட்டும், அது நெசமாலுமே அபூர்வம், மரபணுவுல வர்ற மாத்தம், பச்சைப் புல்லுல ரோஸாப் பொறந்தா கொக்கு சும்மா விடுமா, அதனாலதான் எண்ணிக்கை ஏறறதில்லை. மொத மழைக்குச் செம்மண்ணுல ஊறுமே சிவப்பா வெல்வெட்டுத் துணியாட்ட பட்டுப்பூச்சி, சங்கப்பாட்டுல மூதாய்னு வர்றது, காலை எண்ணிப் பாருங்க, எட்டு. பூச்சியே இல்லை, சிலந்தி உண்ணி வகையறா. வெட்டுக்கிளி ரெக்கைக்கு அடியில சிவப்புப் புள்ளியா சின்னச் சின்னதா ஒட்டிட்டு இருந்தா அது பெரும்பாலும் இந்த மாதிரி உண்ணியோட குஞ்சுங்கதான், அப்பத்திக்கு ரத்தம் குடிக்குதுங்க, பெருசானாத்தான் இந்த அழகெல்லாம்.

இதுவரைக்கும் நாம அதுங்க கலரைப் பாத்தோம், அதுங்களுக்கு நம்ம கலரு எப்படித் தெரியும்னு ஒரு கேள்வி இருக்கே. மஞ்ச பனியன் போட்டுட்டு சாயங்காலம் பைக்ல போயிப் பாருங்க, நெஞ்சு முச்சூடும் குட்டிக் குட்டிப் பூச்சி ஒட்டியிருக்கும். சாறு உறிஞ்சற பூச்சி நெறையாத்துக்கு மஞ்சள்னா எளந்தழைன்னு அர்த்தம், அதுவும் சும்மா எளந்தழை இல்லை, வாழ்க்கையில பாத்ததுலயே பெஸ்ட்டு தழை. பொள்ளாச்சிப் பக்கம் 2016ல தென்னையில சுருள் வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கறுத்துப் போச்சே, அப்ப இருந்து தென்னந்தோப்புல மரத்துக்கு மரம் மஞ்ச சீட்டுல வெளக்கெண்ணெய் தடவிக் கட்டித் தொங்கவிட்டிருக்கறது இதுக்குத்தான். தேனீக்குச் சிவப்பு தெரியாது, நமக்குத் தெரியாத புறஊதா தெரியும். உடுமலைப் பக்கம் தக்காளி வெச்சிருக்கறவங்க காலைல பூவைக் கவனிச்சுப் பாருங்க, வயித்துல நீலப்பட்டை போட்ட குண்டு தேனீ ஒண்ணு வந்து பூவைக் கட்டிப்புடிச்சுட்டு கிர்ர்ருன்னு அதிர வைக்கும், தக்காளிப்பூ, கத்தரிப்பூ மகரந்தம் அப்படி அதிர்ந்தாத்தான் நல்லா உதுரும், பொட்டியில வளக்கற தேனீக்கு அந்த வித்தை தெரியாது. மண்சுவத்துப் பொந்துலயும் மண்ணுலயும் கூடு கட்டும், ஆம்பளைங்க ராத்திரி குச்சியை வாயால கடிச்சுப் புடிச்சுட்டே தூங்கும். நீலமா ஏதோ விசவண்டு வந்திருக்குன்னு இதுக்கும் ஒருத்தரு ஸ்ப்ரேயர் தூக்கீட்டு நின்னாரு, யாருன்னு சொன்னா சண்டைக்கு வருவாரு.

மாமா மருந்தடிக்கலை. மூணு வாரம் கழிச்சு ஒறம்பரை கல்யாணத்துல பாத்தப்ப, எருக்கை மொட்டையடிச்சுருச்சு, குச்சிதான் நிக்குது, சோளத்துல ஒரு கடி இல்லைன்னாரு. தழை தீந்து போனா பப்பாளி, கத்தரியில கொஞ்சம் வாய் வைக்கும், அப்படி வந்தா கையில புடிச்சு சோப்புத் தண்ணியில போட்டுருங்கன்னு சொன்னேன். "கையிலயா? அது மூஞ்சியில பீச்சறதா நீதான சொன்னே"ன்னு பந்தியில எல்லாரு முன்னாடியும் மடக்கிட்டாரு. கையுறை போட்டுக்கோங்க மாமான்னு சமாளிச்சேன். அன்னைக்குச் சாயங்காலமே அடுத்த போட்டோ வந்துருச்சு, இந்தத்தடவை முருங்கையில, மரத்தண்டு பூரா பழுப்பா முடி வெச்ச கம்பளிப்புழு கூட்டம். அதுக்கு மட்டும் கலரும் பாக்க வேண்டாம் செடியும் பாக்க வேண்டாம், கிட்டவே போகாதீங்கன்னுட்டேன்.